மறு: ‘அடிமெருகு’ சரிதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்க மட்கலக் கலைஞர் மேரி லூயிஸ் மெக்லாக்லின் பற்றிய கட்டுரையில் ‘அண்டர்கிளேஸ்’ (கலத்தின் மேலுள்ள கண்ணாடிப் படலமான ‘கிளேஸு’க்கு அடியில் வண்ணம் தீட்டுவது) என்பதற்கு ‘அடிமெருகு’ என்று போடலாம் என ஒரு நண்பர் எழுதியிருந்தார். சின்னச் சொல், சொல்லவும் எளிது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெருகு என்பது தேய்த்து ஏற்றுவது. நகைக்கும் கருங்கல்லுக்கும் அப்படித்தான். கிளேஸைத் தேய்த்து வரவழைக்க முடியாது. கலத்தின் மேல் பூசிய கலவை சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படிவது அது. நியூ மெக்சிகோவின் சான் இல்டிஃபான்சோவில் மரியா மார்ட்டினெஸ் வனைந்த கரும்பானைகளில் கிளேஸே கிடையாது. வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. ‘மெருகு’ அவருக்கே உரிய சொல். அதை இங்கே செலவழித்துவிட்டால், நாளை அவரைப் பற்றி எழுதும்போது என்ன செய்வோம்?

இனி மெக்லாக்லின் செய்ததைப் பார்ப்போம். 1876இல் பிலடெல்ஃபியா கண்காட்சியில் கிளேஸுக்கு அடியில் வண்ணம் தீட்டிய பிரான்சின் லிமோஜ் நகரக் கலங்களைப் பார்த்தவர், ஊரான சின்சினாட்டிக்குத் திரும்பி அந்த நுட்பத்தைத் தானே கண்டுபிடிக்க முனைந்தார். அதுவரை அங்கே பெண்கள் வரைந்துவந்தது, ஏற்கெனவே சுட்டுப் பளபளப்பாக்கிய பீங்கானின் மேல். இவரோ நீர்க்கக் கரைத்த களிமண்ணில் வண்ணத்தைக் குழைத்து, சுடாத ஈரக் கலத்தின் மீதே தீட்டினார். 1878 தொடக்கத்தில் அது கைகூடியது. 1880இல் இம்முறையை விளக்கி ஒரு நூலும் எழுதினார்.

ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, இரண்டு: கிளேஸுக்கு அடியில் தீட்டுவதற்கு ஒன்று, வண்ணம் குழைத்த மண்ணுக்கு ஒன்று. சீனத்து நீல வெள்ளைக் கலங்களிலும் நீலம் கண்ணாடிப் படலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் அதில் குழைத்த மண் இல்லை. மெக்லாக்லினின் தனித்தன்மையே அந்த மண்தான். நீர்க்கக் கரைத்த அந்தக் களிமண்ணைக் குறிக்கும் ‘ஸ்லிப்’ என்பதற்கு ‘மட்குழம்பு’ என்கிறேன். மட்பாண்டம், மட்கலம் போல. சாப்பாட்டு நினைவு வருகிறது என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், குழம்பு என்பது பதத்தைக் குறிக்கும் சொல்தானே!

கிளேஸுக்கு ‘கண்ணாடிப்பூச்சு’ என்றும், அதற்கு அடியில் தீட்டுவதைப் ‘பூச்சடி வண்ணம்’ என்றும் வைத்திருந்தேன். இங்கேதான் இடறுகிறது. நம் தொல்லியலார் ‘செங்காவிப் பூச்சு’ என்று எழுதும்போது, அந்தப் பூச்சு கண்ணாடி அல்ல, பெரும்பாலும் ஸ்லிப்தான். எனவே ‘பூச்சடி’ என்று சுருக்கினால் அவர்கள் வேறு பொருள் கொள்வார்கள். சுருக்காமல் ‘கண்ணாடிப்பூச்சடி’ என்றாலோ நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ‘கண்ணாடியடி வண்ணம்’ எப்படி? ஜன்னல் கண்ணாடி நினைவுக்கு வருமோ?

1880இல் அவர் செய்த மூன்றடி உயர ‘அலி பாபா’ ஜாடியின் படத்துக்கு ‘கண்ணாடியடி மட்குழம்பு ஓவியம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் அனுப்புங்கள். அவருடைய பிற்காலப் பீங்கானின் பெயரான ‘லொசாண்டி’யை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், அது சின்சினாட்டியின் பழைய பெயரிலிருந்து வந்தது.