'மந்தமான நோய்த்தடைக்காப்பு' என்பதற்கு மாற்றாகக் 'கொடைத் தடைக்காப்பு'

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உடல் தானே ஆக்காமல், வெளியிலிருந்து ஆயத்தமாக வரும் எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) கிடைக்கும் காப்பைப் பேசிவ் இம்யூனிட்டி என்பர். அதற்கு வழங்கிவரும் 'மந்தமான நோய்த்தடைக்காப்பு' என்ற சொல்லை நாம் கைவிட வேண்டும் என்று கருதுகிறேன். ஓசையிலோ அழகிலோ அதற்குக் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயைப் பொறுத்தவரை, உடலில் நடப்பதற்கு நேர்மாறான பொருளை அது தருகிறது என்பதே என் மறுப்பு. வயிறு மந்தமாக இருக்கிறது, வியாபாரம் மந்தம் என்று நாள்தோறும் பேசும் ஒருவர், 'மந்தமான தடைக்காப்பு' என்று படித்தால் மெதுவாக வேலை செய்வது, வலுக்குறைந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். நாய்க்கடிக் காயத்தில் செலுத்தப்படும் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினோ, அந்த நேரத்தில் உடலில் உள்ள காப்புகளிலேயே விரைவானது.

நாயின் உமிழ்நீரோடு காயத்தில் இறங்கும் வைரஸ் உடனே மூளைக்குப் போய்விடுவதில்லை. சில வேளை தசையணுக்களில் (தசைச் செல்களில்) தங்கிப் பெருகுகிறது. சில வேளை நேராக நரம்பு முனைக்குள் நுழைகிறது. அதன் மேலுறையில் துருத்தி நிற்கும் ஜி புரதம், நரம்பும் தசையும் கூடுமிடத்தில் உள்ள, அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளுக்கான ஏற்பிகளைப் பற்றிக்கொள்ளக் கூடியது. நரம்பிழைக்குள் புகுந்த பிறகு, அங்குள்ள நுண்குழல்களின் வழியே டைனீன் என்னும் இயக்கப் புரதம் அதைத் தண்டுவடத்தை நோக்கி இழுத்துச் செல்கிறது. இந்தப் பயணத்தின் வேகம் நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை என்று பொதுவாகக் கூறப்படுகிறது. மூளையை அடைந்து பெருகியபின் நரம்புகளின் வழியாகவே வெளியேறி உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சேர்கிறது.

இந்தப் பயணம் முழுவதிலும் நோயெதிர்ப்பு மண்டலம் ஏன் விழித்துக்கொள்வதில்லை என்பதுதான் நம் சொல்லுக்கு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி. நரம்பிழைக்குள் போய்விட்ட வைரஸ் இரத்தத்திலும் நிணநீரிலும் பெரும்பாலும் தென்படுவதில்லை. வைரஸின் பி புரதம், தொற்றுக்கு ஆளான அணு இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைச் சுரப்பதையும், சுரந்த இன்டர்ஃபெரானின் செய்தி உட்கருவை எட்டுவதையும் தடுக்கிறது. தான் குடியிருக்கும் நரம்பணுவை வைரஸ் எளிதில் சாகவிடுவதில்லை. அணு சிதைந்தால்தானே அபாயக்குறிகள் வெளியே கசியும்? தொற்றிய நரம்பணுக்களை நாடிவரும் டி அணுக்கள் என்னும் எதிர்ப்பணுக்களோ அங்கே தாமே மடிய நேரிடுகிறது என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வீரியம் குன்றிய வைரஸ் வகைகள் தொற்றும்போது, இரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் எளிதில் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு நெகிழ்ந்து எதிர்ப்பணுக்கள் உள்ளே வருகின்றன. தெருநாயிடமிருந்து வரும் வீரியமுள்ள வைரஸ் தொற்றும்போது அந்தத் தடுப்பு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. அதனால்தான் நோய்க்குறிகள் தொடங்கும் நாளில்கூடப் பலருடைய இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்படுவதில்லை.

ஆக, எதிர்ப்பொருள் வைரஸை உறுதியாக எதிர்கொள்ளக்கூடிய இடம் காயம். காலம், அது நரம்புக்குள் நுழைவதற்கு முந்திய காலம். தடுப்பூசி போட்டவுடன் உடல் தன் எதிர்ப்பொருளை ஆக்கத் தொடங்கினாலும், போதிய அளவு சேர ஏறக்குறைய 7 முதல் 14 நாட்கள் ஆகின்றன. அந்த இடைவெளியை நிரப்பவே, காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவியபின், ஆயத்தமான எதிர்ப்பொருளைக் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள்: மனிதரிடமிருந்து எடுத்ததாயின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 அலகுக்கு மிகாமல், குதிரையிடமிருந்து எடுத்ததாயின் 40 அலகுக்கு மிகாமல். அளவு மிகுந்தால் தடுப்பூசியால் உடல் ஆக்கும் எதிர்ப்பொருள் குறையக்கூடும் என்பதால் இந்த வரம்பு.

இதன் வலிமைக்கு 1954-இல் ஈரானில் நடந்தது சான்று. வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே இரவில் 29 பேரைக் கடித்தது. தெஹ்ரானின் பாஸ்டர் நிறுவனத்தார் மருத்துவம் செய்தனர். தலையில் காயம் பட்டவர்களில், தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். தடுப்பூசியோடு எதிர்ப்பொருள் சீரமும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவர். தலைக்காயத்திலிருந்து மூளைக்குத் தொலைவு மிகக் குறைவு. தடுப்பூசி பலன் தரும்வரை வைரஸ் காத்திருக்காது. அந்தப் பன்னிருவர் பிழைத்ததில் பெரும்பங்கு, நாம் 'மந்தமானது' என்று பெயரிட்டிருக்கும் தடைக்காப்புக்கு உரியது.

இனி, 'மந்தமான' என்பதற்கு மாற்றாக முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். 'செயப்பாட்டுத் தடைக்காப்பு' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் இலக்கண இணையை ஒட்டியது என்பதால் மூலச் சொல்லுக்கு மிக நெருக்கமானது. ஆனால் எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்வதில்லை. செவிலியர் ஒருவர் நோயாளியின் வீட்டாரிடம் வாயால் சொல்லவும் வராது. 'பெற்ற தடைக்காப்பு' எளிமையானதுதான். எனினும் பிறப்புக்குப் பின் உண்டாகும் தடைக்காப்பு முழுவதையும் ஏற்கனவே 'பெறப்பட்ட' என்ற அடைமொழியால் குறித்துவருவதால் குழப்பம் உறுதி.

'இரவல் தடைக்காப்பு' என்பதை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். தன்னுடையதன்று, நிலைக்காது என்ற இரு பண்புகளையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. மனித இம்யூனோகுளோபுலின் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்பதால் பொருத்தமும் உண்டு. ஆயினும் இரவல் என்றால் திருப்பித் தர வேண்டும். தாய் கருவிலிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியே தரும் எதிர்ப்பொருளை இரவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'கொடைத் தடைக்காப்பு' என்பது காயத்தில் செலுத்தும் எதிர்ப்பொருள், தாய் தரும் எதிர்ப்பொருள் ஆகிய இவ்விரண்டு இடங்களிலும் பொருந்துகிறது. குருதிக்கொடை, உறுப்புக்கொடை என்று மக்கள் நாவில் பழகிய சொற்களோடு இது ஒரே குடும்பமாகிவிடும். இதன் இணைச்சொல்லாக, தடுப்பூசியாலோ நோயாலோ உடல் தானே ஆக்கிக்கொள்வதைத் 'தன்னாக்கத் தடைக்காப்பு' எனலாம். முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டவருக்கு மீண்டும் நாய் கடித்தால் இம்யூனோகுளோபுலின் ஏன் தேவையில்லை என்பதை, "தன்னாக்கத் தடைக்காப்பின் நினைவணுக்கள் இருப்பதால் கொடை எதிர்ப்பொருள் வேண்டியதில்லை, தடுப்பூசியின் ஊக்கத் தவணைகள் போதும்" என்று ஒரே வரியில் எழுத முடிகிறது.

இரண்டு தடைகளை எதிர்பார்க்கிறேன். கொடை என்றால் இலவசம் என்று தோன்றாதா என்று சிலர் கேட்கலாம். குருதிக்கொடையில் அந்த மயக்கம் பெரிதாக எழவில்லை என்பதே என் விடை. மற்றது வலுவானது: இப்போது பயன்பாட்டுக்கு வந்துள்ள மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் ஆய்வகத்தில் அணுக்களை வளர்த்து ஆக்கப்படுபவை; அங்கே கொடையாளர் என்று எவரும் இல்லை. அதற்காகப் 'புறவரவுத் தடைக்காப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் பார்த்தேன். துல்லியம் கூடுகிறது, ஆனால் சொல் கணக்கேட்டு வாடை அடிக்கிறது. கொடுப்பது எதுவாயினும், பெறுபவரின் உடல் அதை ஆக்கவில்லை என்பதே கருத்தின் மையம் என்பதால் கொடையே போதும் என்பது என் முடிவு.

இலங்கையில் இம்யூனிட்டி என்பதற்கு 'நிர்ப்பீடனம்', ஆன்டிபாடி என்பதற்குப் 'பிறபொருளெதிரி' என்று வழங்குவதால், 'கொடை நிர்ப்பீடனம்', 'கொடைப் பிறபொருளெதிரி' என்னும் வடிவங்கள் அங்குள்ள நண்பர்களின் காதுக்கு இயல்பாக ஒலிக்கின்றனவா என்று அறிய விரும்புகிறேன். மருத்துவமனைகளில் பணிபுரியும் நண்பர்கள், நாய்க்கடிச் சிகிச்சை அட்டையில் "காயத்தைச் சுற்றி: கொடை எதிர்ப்பொருள், தோளில்: தடுப்பூசி" என்று எழுதினால் நோயாளிகள் வேறுபாட்டை உணர்கிறார்களா என்பதைக் கேட்டு எழுத வேண்டுகிறேன்.