புதுப்பிப்பு: அறுபதில் சிகரெட்டை விட்டு என்ன பயன்?

"இத்தனை வருஷம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று அப்பா கேட்பதாக முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் நுரையீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுத்தோம். குழாயைக் கவ்விக்கொண்டு ஒரே மூச்சில் ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம். அப்பாவுக்குக் குறைவு. சிஓபிடி, அதாவது மூச்சுப்பாதை அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். சிதைந்த காற்றறைகள் மீளாது, ஆனால் விட்டால் சரிவு மெதுவாகும் என்றார் டாக்டர், மழுப்பாமல்.

பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் கவனித்து ரிச்சர்ட் டால் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கே ஏறக்குறைய 3 ஆண்டு ஆயுள் கூடியது. 30-இல் விட்டவர்களுக்கு 10. (தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன்.)

'லைட்' சிகரெட்டுக்கு மாறலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், குறையும் நிகோட்டினை ஆழமாக இழுத்து ஈடுகட்டிவிடுவார்கள். அப்பா இப்போது நிகோட்டின் சூயிங்கம் மெல்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.