உயில் எழுதாத நோயாளிக்கு வென்டிலேட்டரை நிறுத்தலாமா?

இரவு ட்யூட்டி:
78 வயதுப் பெரியவர். மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு, பதினோரு நாளாக வென்டிலேட்டர். நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று நியூராலஜி எழுதிவிட்டது. ஆனால் மூளைச்சாவு இல்லை, லேசாகத் தானே மூச்சு இழுக்கிறார். நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் உயில் (லிவிங் வில்) எதுவும் எழுதி வைக்கவில்லை. மனைவி "போதும் டாக்டர், இனிமே அவரைப் படுத்த வேண்டாம்" என்கிறார். துபாயில் இருக்கும் மகன் சம்மதிக்கவில்லை. 'லாமா' (டாக்டர் சொல்லை மீறி நாங்களே வீட்டுக்கு அழைத்துப்போகிறோம் என்ற கடிதம்) எழுதி வாங்கி அனுப்பிவிடலாம் என்பது யூனிட்டில் பலரின் யோசனை. இங்கேயே முறையாக மூச்சு ட்யூபை எடுக்க வழி உண்டா?

மருத்துவச் சட்டம்:
உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் தீர்ப்பும், அதன் நடைமுறையை எளிதாக்கிய 2023 ஜனவரி உத்தரவும் உயில் இல்லாதவருக்கும் பொருந்தும். முதல்நிலை மருத்துவ போர்டில் சிகிச்சை தரும் டாக்டர், கூடவே 5 வருட அனுபவமுள்ள துறை நிபுணர்கள் இருவர். குடும்பத்தாரிடம் பேசி, எழுத்துபூர்வ சம்மதம் வாங்கி, முடிந்தவரை 48 மணி நேரத்தில் கருத்து எழுத வேண்டும். பிறகு இரண்டாம்நிலை போர்டு: மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டர், முதல் போர்டில் இல்லாத நிபுணர்கள் இருவர். அதற்கும் 48 மணி நேரம்தான். இரண்டும் ஒத்துப்போனால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டு நிறுத்தலாம். போர்டுகள் முரண்பட்டால் உயர் நீதிமன்றம்.

வேலை சிக்குவது அந்த நியமன டாக்டரிடம்தான். கேஸ் வந்தபிறகு ஆள் தேடினால் நாட்கள் ஓடிவிடும். நிர்வாகம் முன்னதாகவே எழுதிக் கேட்டு, பெயர் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

வலி நிவாரணப் பிரிவு:
தயவுசெய்து லாமா வேண்டாம். ஆம்புலன்ஸில் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு (Ambu) பையை அழுத்திக்கொண்டே போய், வீட்டு வாசலில் ட்யூபை உருவிவிட்டு வருகிறார்கள். அந்தக் கடைசி நேரத்தில் வலியையும் திணறலையும் அடக்கும் மார்ஃபின் கொடுக்க ஆளே இல்லை. கையெழுத்து ஆஸ்பத்திரியைக் காக்கும், அவரைக் காக்காது.

ஐசியூவில் செய்யும்போது: தசை தளர்த்தி மருந்து ஓடினால் நிறுத்தி, அதன் வேலை முழுதும் இறங்கிய பிறகே ட்யூபைத் தொடுங்கள். இல்லாவிட்டால் அவர் திணறுவது வெளியே தெரியாது. ட்யூபை எடுக்கும் முன்பே மார்ஃபின் 2–5 மி.கி. ஐவி (நரம்பு வழியாக), தேவைப்பட்டால் பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலம் 1–2 மி.கி. நெற்றிச் சுளிப்பு, மூச்சின் வேகம், கழுத்துத் தசை இழுப்பு மூன்றையும் பார்த்து, அடங்கும்வரை திரும்பக் கொடுங்கள். ஒவ்வொரு டோஸுக்கும் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்: நோக்கம் திணறலை அடக்குவது, உயிரை எடுப்பது அல்ல. தொண்டைச் சளிக்கு கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. மானிட்டர் அலாரத்தை அணைத்து, மனைவிக்குக் கட்டிலருகே நாற்காலி போட்டுக் கொடுங்கள். சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம் என்பதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரவு ட்யூட்டி:
நன்றி. மகன் விஷயம்?

மருத்துவச் சட்டம்:
அவர் மறுக்கும்போது அம்மாவின் கையெழுத்தை மட்டும் வைத்து அவசரப்படாதீர்கள். வீடியோ காலில் ஸ்கேனைக் காட்டி, சிகிச்சை டாக்டரே பேசட்டும். "நிறுத்தலாமா?" என்று கேட்டால் அப்பாவைக் கொல்லும் பொறுப்பு தன் தலையில் விழுவதாகவே மகனுக்குத் தோன்றும். "அப்பாவால் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். அப்போதும் தயங்கினால் 72 மணி நேரம் கெடு வைத்து சிகிச்சையைத் தொடரலாம். எந்த முன்னேற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்பதை, உதாரணமாகச் சொன்னதற்குக் கண் திறப்பது என்று, முன்பே எழுதி அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.