குடும்பக் குழு: நோஸ்ஃபெரட்டுவுக்கு வாசிப்பு

நான்: ஒரு நல்ல செய்தி. எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் ‘நோஸ்ஃபெரட்டு’ போடுகிறார்கள். 1922-இல் முர்னாவ் எடுத்த மௌனப் பேய்ப் படம். படம் ஓடும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கப் போவது நான்!

சித்தி: ரொம்ப சந்தோஷம் கண்ணா. அந்தப் படத்துக்கென்று அப்போதே இசை போட்டிருப்பார்களே, அதையே வாசிக்கலாமே?

மாமா: ஹான்ஸ் எர்ட்மான் போட்டார்மா. பெரும்பகுதி தொலைந்துவிட்டது. மிஞ்சியதை வைத்துப் பிறகு மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலும் எல்லாத் தியேட்டரிலும் ஒரே இசை கிடையாது. பல இடங்களில் பியானோக்காரர் திரையைப் பார்த்தபடியே கைக்கு வந்ததை வாசிப்பார். இல்லையென்றால் புயல், துரத்தல், திகில் என்று பிரித்து அச்சிட்ட இசைத் தொகுப்புகள் இருந்தன. ஜூசெப்பே பெச்சே 1919-இலிருந்து அப்படி வெளியிட்டார்.

நான்: அப்போ திகில் காட்சிக்கெல்லாம் கீழ் ஸ்தாயியில் இடி மாதிரி வாசித்துவிடவா மாமா?

மாமா: தயவுசெய்து வேண்டாம். பேய் வருமுன்னே நீ இடித்தால், இதோ வருகிறது என்று நீயே காட்டிக்கொடுத்துவிடுவாய். அந்தப் பேய், ஓர்லாக், நிதானமாக வருகிறவன். மாடிப்படியில் அவன் நிழல் மட்டும் ஏறுமே, அங்கே ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இரு. அப்புறம் அந்தக் கை நிழல் கதாநாயகி எல்லனின் நெஞ்சில் விழுந்து இறுகும். அந்த நொடியில் கையை எடுத்துவிடு.

அக்கா: சட்டென்று நிறுத்தினால் ஏதோ கோளாறு என்று நினைக்க மாட்டார்களா?

மாமா: மாட்டார்கள். 1925-இல் வந்த ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’வில் முகமூடி போட்ட நாயகனாக வரும் லான் சேனி ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பார். கதாநாயகி கிறிஸ்டீன் பின்னாலிருந்து முகமூடியைப் பிடுங்குவாள். திரையில் அவர் விரல் நின்ற பிறகும் அரங்கில் ஆர்கன் ஒலித்தால் அந்தக் காட்சியே செத்துவிடும். நிறுத்தத் தெரிந்தவர்தான் இதற்கு வாசிக்க முடியும்.

அக்கா: நானும் வயலினோடு வரட்டுமா? தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையை ஒட்டி வில் போட்டால் கண்ணாடியைக் கீறுவது போல ஒரு சத்தம் வரும். அந்த நிழலுக்கு அது பொருந்தும்.

நான்: கட்டாயம் வா அக்கா!

மாமா: அருமை. சரி, எந்தப் பிரதி, என்ன வேகம் என்று இன்றே கேள். நொடிக்கு 18 ஃபிரேம் என்றால் 94 நிமிடம் ஓடும் பிரதி, 24-இல் ஓட்டினால் சுமார் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகிவிடும்.

நான்: கேட்டுவிட்டேன் மாமா, 18தான். நிழல் காட்சியை முதலில் வாசித்து ஆடியோ அனுப்புகிறேன்.

மாமா: அக்காவையும் சேர்த்துக்கொண்டு வாசி. அப்புறம் அனுப்பு.