புதுப்பிப்பு: மாட்டுக்கு மாடு தனிக் கணக்கு

"பால் பணம் வருகிறது, கையில் நிற்க மாட்டேன் என்கிறது" என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் பக்கம் போட்டு வரவு செலவு எழுதச் சொன்னீர்கள், எழுதி வருகிறேன்.

கறவையில் முதலிடம் செவலை என்ற மாட்டுக்குத்தான், ஆனால் லாபத்தில் கடைசி. சினை ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்காமல் ஓர் ஈற்றுக்கும் (கன்று ஈனுவதற்கும்) அடுத்ததற்கும் 17 மாதம் ஆகிவிட்டது, 12-13 மாதம்தான் பொதுவான அளவுகோல். ஈற்றுக்கு முன் கறவையை நிறுத்தி வற்றவிட 60 நாள் போதும், இவள் நாலு மாதத்துக்கு மேல் சும்மா நின்று தின்றிருக்கிறாள். மொத்தக் கணக்கில் இது கண்ணில் படவே படாது.

அடர்தீவனமும் (பிண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) இப்போது அளந்துதான்: ஒரு நாளைக்கு உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. பத்து லிட்டர் மாட்டுக்கு ஐந்தரை, நாலு லிட்டர் மாட்டுக்கு மூன்று சொச்சம்.

யாரோடு ஒப்பிடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். லிட்டர் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை, ஒரே பால் சங்கத்தில் ஊற்றினாலும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தான் பணம். ஒரு லிட்டருக்கு ஆன தீனிச் செலவைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனோடு ஒப்பிட்டேன், அவருடையது நன்றாகவே குறைவு. கோ-4 தீவனப் புல்லும் வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனமும் சொந்தமாகப் போட்டிருக்கிறார். (வீட்டு ஆள் கூலியை இருவருமே எழுதவில்லை, எழுதினால் லாபத்தில் பாதி காணாமல் போகும். இந்த மாதம் முதல் எழுதுகிறோம்.)

செவலையை விற்கவில்லை. தாது உப்பு கொடுத்து, டாக்டரிடம் காட்டி, அடுத்த சினைப் பருவத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்.