ஃபுளோரின் பிணைப்பு ஏன் இவ்வளவு பலவீனம்? வேதியியல் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். ஃபுளோரினில் 9 எலக்ட்ரான்கள், வெளிக்கூட்டில் 7. இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பங்கிட்டு ஒற்றைச் சகப்பிணைப்பில் சேர்கின்றன. இதுவரை சிக்கல் இல்லை.

பிணைப்பு நீளம் ஃபுளோரினில் சுமார் 142 பிக்கோமீட்டர், குளோரினில் 199. குட்டையான பிணைப்புதானே வலுவாக இருக்க வேண்டும்? ஆனால் அதை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 158 கிலோஜூல் போதும். குளோரினுக்கோ 242 வேண்டும். புரோமின்கூட (193) முந்திவிடுகிறது!

அணு சிறியது, அதனால் இரு பக்கத் தனித்த (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான் ஜோடிகளும் நெருங்கி ஒன்றையொன்று விலக்குகின்றன என்று பாடநூல் சொல்கிறது. சரி. எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் பரவியிருப்பதாகக் கொள்ளும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையில் இதே விலக்கம் எங்கே தெரிகிறது? நிரம்பிய எதிர்பிணைப்பு (பிணைப்பைத் தளர்த்தும்) பை ஆர்பிட்டால்கள்தான் காரணமா? குளோரினிலும் அவை நிரம்பித்தானே இருக்கின்றன, பிணைப்புத் தரமும் (அதாவது நிகரப் பிணைப்புகளின் எண்ணிக்கை) இரண்டுக்கும் 1தானே? இங்கேதான் முட்டி நிற்கிறேன்.

எலக்ட்ரான் நாட்டத்தில், அதாவது தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றலில், ஃபுளோரின் (மோலுக்கு 328 கிலோஜூல்) குளோரினிடம் (349) தோற்பதற்கும் இதே நெரிசல்தான் காரணமா, வேறா? ஹைட்ரஜனோடு சேர்ந்தால் மட்டும் பிணைப்பு ஆற்றல் 565ஐத் தாண்டுவது வேறு குழப்புகிறது. படம் வரைந்து விளக்கினால் இன்னும் நல்லது.