ஃபிரெட் சில்வர்மேனின் 1959 ஆய்வேடு தேவை, உதவுங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தேர்வு பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். தொலைக்காட்சி நிர்வாகி ஃபிரெட் சில்வர்மேன் பற்றிய அத்தியாயத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன்.

1963இல் 25 வயதில் சிபிஎஸ் பகல் நேர நிகழ்ச்சிகளின் பொறுப்பு, 1975இல் ஏபிசி, 1978இல் என்பிசி தலைவர், 1981இல் வெளியேற்றம். மூன்று பெரிய நெட்வொர்க்குகளிலும் நிகழ்ச்சிகளைத் தீர்மானித்த ஒரே மனிதர். ஏபிசியை முதலிடத்துக்குக் கொண்டுபோனவரால் என்பிசியை மூன்றாம் இடத்திலிருந்து நகர்த்த முடியவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி. அதற்கான தொடக்கம், ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் ஏபிசியின் நிகழ்ச்சிகளை அலசி எழுதிய 1959ஆம் ஆண்டு முதுகலை ஆய்வேட்டில் இருக்கிறது என்று நம்புகிறேன். அதைப் படிக்காமல் எழுத மனம் வரவில்லை.

எங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டேன், இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடமும் இல்லை. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்துக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை. அவரைப் பற்றிய இரங்கல் குறிப்புகளில் (2020 ஜனவரியில் காலமானார்) ஆய்வேட்டைப் பற்றி ஓரிரு வரிதான். அப்புறம், நேரில் போக வசதியும் இல்லை. அடுத்த மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவர் ஒருவர் அந்த ஆய்வேட்டின் நகலைப் பெற யாரிடம், எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?